ஏரிக்கரையில் கட்டிய ஆரஞ்சு ரிப்பன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டதா, நான் கணக்கைக் கைவிட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் கம்பெனி கேட்டில் கையெழுத்துப் போடத்தான். ஆனால் போன வாரம் ஷிப்டு முடிந்து வரும்போது, எங்கள் ஏரிக்கரையில் ஒரு ஹெல்மெட் கூட்டம் சைக்கிள் மிதித்துப் போவதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு பழைய குழப்பம் மண்டைக்குள் மிதித்துக்கொண்டே இருக்கிறது.

அப்போது நான் ஆறாவது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஏரிக்கு ஒரு பக்கம் கரை, மற்ற பக்கமெல்லாம் காடு. காட்டை ஒட்டி ஏரியை முழுசாகச் சுற்றி வர ஒரு சரளைப் பாதை உண்டு. அதில் மண் லாரி போகும், மாடு போகும், அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு நான் போவேன். சரளையில் பிரேக் பிடித்தால் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும். நாம்தான் நின்றுவிடுவோம், அதுவும் முட்டியால்.

அந்தப் பாதையில், மதகுக்குப் பக்கத்தில் எங்கள் அரை ஏக்கர். வேர்க்கடலை போடுவோம். பாதியை மயில் தின்னும், மிச்சத்தில் பாதியை நான் தின்பேன், மீதியை வைத்து அம்மா குடும்பம் நடத்துவதாகச் சொல்லிக்கொள்வாள். அப்பா கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் புதுப்பித்து அவர் அடையாள அட்டை மாறும். மாறுகிற வாரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் பேசக்கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஊரே கரையில் நிற்கிறது. பாதை நெடுக வெள்ளை மாவில் அம்புக்குறி. எங்கள் நிலத்துப் பனைமரத்தில் ஆரஞ்சு ரிப்பன். அதற்குக் கீழே ஒரு அட்டையில் 30 என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தரையில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஒன்று கோலம், இல்லாவிட்டால் கம்பெனி. பக்கத்து ஊரில் நிலம் எடுத்தபோதும் இப்படித்தான் முதலில் மரத்தில் துணி கட்டினார்கள், பிறகு கல் நட்டார்கள், பிறகு காம்பவுண்டு வந்தது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கம்பெனி பஸ் ஓட்டுபவர். எல்லாக் கம்பெனியும் தன்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்பது அவர் நினைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"யக்கா, முடிஞ்சிச்சு. சர்வே வந்துட்டான். ஞாயித்துக்கெழம அளக்க வருவான். மதகு வரைக்கும் கம்பெனிதான்."

"அந்த முப்பது இன்னாடா?"

"முப்பது ஏக்கரு. வேற இன்னா, முப்பது இட்லியா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமா அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பக்கத்து ஊர்ல நிலம் குடுத்த வூட்ல ஆளுக்கு ஒரு வேலை குடுத்தானுங்க யக்கா. பர்மனென்ட்டு" என்றார்.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நெசமாவா?" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

"வேலையைக் கொண்டு போயி ஏரில போடு. அந்த நெலமும் பூட்ச்சின்னா நமக்குன்னு இன்னா கீது?" என்றாள் அம்மா.

அம்மா அழுதது எனக்குப் புரிந்தது. அப்பா பேசாததற்கும் அதே அர்த்தம்தான் என்று எடுத்துக்கொண்டேன். நிலத்தைக் காப்பாற்ற இந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை வேண்டும், அது நான்தான் என்று முடிவானது.

சனிக்கிழமை சாயங்காலம் வேலையை ஆரம்பித்தேன். ரிப்பனை அவிழ்த்தேன். அட்டையைக் கழற்றினேன். அம்புக்குறிகளைக் காலால் அழித்தேன். அம்மாவின் கோலமாவு டப்பாவை டவுசரில் ஒளித்து எடுத்துப்போய்ப் புதிய அம்புகள் போட்டேன். எல்லாம் மதகுக்கு முன்னாடியே திரும்பி, ஏரியின் உள்பக்கம் வேலிக்காத்தான் முள்புதருக்குள் போகும் மாட்டுத் தடத்தைக் காட்டின. ரிப்பனை ஒரு முள்மரத்தில் கட்டினேன். கம்பெனி வந்தால் முள்ளுக்குள் வந்து கட்டிக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஓவர்டைமுக்குப் போகவில்லை. எனக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட ஓ.டி.யை விடாதவர். குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மஞ்சப்பையோடு கிளம்பினார். பையை எட்டிப் பார்த்தேன். பட்டா ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. முந்தின நாள் அப்பா டவுனுக்குப் போய்வந்திருந்தார், இதற்குத்தான். சண்டைக்குப் போகிறவருக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா! எனக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. நானும் ஒட்டிக்கொண்டேன்.

பனைமரத்தைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தரையைப் பார்த்தார்.

"ரிப்பன் எங்கடா?"

"நாந்தாம்பா அவுத்தேன். அந்தாண்ட முள்ளுல கட்டிட்டேன். இனிமே நம்ம நெலத்தை எவனும் எடுக்க மாட்டான்."

முதுகைத் தட்டிக் கொடுப்பார் என்று காத்திருந்தேன். அறை விழும் என்றும் கொஞ்சம் எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. "எங்க, காட்டு" என்றபடி ஓடினார். வெள்ளைச் சட்டையோடு முள்ளுக்குள் நுழைந்து, கை கிழிய ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு திரும்பி ஓடிவந்து, எங்கள் பனைமரத்தில் பழையபடி கட்ட ஆரம்பித்தார். சட்டையின் கைப்பகுதி நீளமாகக் கிழிந்து தொங்கியது. முடிச்சு சரியாக விழாமல் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டினார். அரசாங்கம் கட்டியதை அவிழ்த்தால் போலீஸ் வரும் என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது புதருக்குள் சத்தம் கேட்டது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஏழெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய கலர் சட்டை, தொடை வரைக்கும் டவுசர். ஒவ்வொருத்தர் தோளிலும் ஒரு சைக்கிள். சைக்கிளில் ஆள் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆள் மேல் சைக்கிள் போய் அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லா டயரும் சப்பை.

முன்னால் வந்த அக்கா அப்பாவின் கையில் இருந்த ரிப்பனைப் பார்த்தாள். "அண்ணா, இதை மாத்திக் கட்டினது நீங்கதானா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் மேடம். தெரியாம பண்ணிட்டேன்" என்றார். மஞ்சப்பையை இரண்டு கையாலும் நீட்டினார். "எல்லாப் பேப்பரும் கீது மேடம். எப்போ அளப்பீங்க?"

"எதை?"

"நெலத்தை."

அந்த அக்கா மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவர்கள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களாம். லீவு நாளில் மண்ரோட்டில் சைக்கிள் விடுவது அவர்களுக்குப் பொழுதுபோக்காம். ஏரியைச் சுற்றிப் பாதை குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முப்பது என்பது கிளம்பின இடத்திலிருந்து முப்பதாவது கிலோமீட்டர்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்து, ஒவ்வொரு டியூபாகத் தண்ணீரில் அழுத்தி காற்று முட்டை விடும் இடத்தைக் கண்டுபிடித்து, முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தார். அவர்கள் கொண்டுவந்த ஒட்டுகள் தீரும்வரை ஒட்டினார். கிளம்பும்போது அந்த அக்கா ஏரியையும் காட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எவ்ளோ அழகா இருக்கு! இந்த நிலத்தை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க அண்ணா" என்றாள்.

"தர மாட்டோம்!" என்று நான் கத்தினேன்.

அப்பா சிரித்தார். என் தலைமேல் கையை வைத்தார். அந்தக் கை ஏன் அவ்வளவு கனமாக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கிழிந்த சட்டையை மாற்றிக்கொண்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது அட்டை மாறுகிற வாரமும் இல்லை.

நிலம் தப்பியது, அம்மா பாயசம் வைத்தாள், மாமா ஒரு மாதம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. நான் ஜெயித்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த ஒரு வாரம் மட்டும் கணக்கில் உதைத்துக்கொண்டே இருந்தது. அப்பா வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் கான்ட்ராக்ட்தான்.

இது வரைக்கும் எழுதியதை, கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் நிற்கும் திருநெல்வேலிக்காரனுக்கு பஸ்ஸில் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"ஏலே, சண்டைக்குப் போறவன் எவனாவது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துட்டுப் போவானாலே?"