சாலையின் குறுக்கே மூன்று கிளைகள்

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். இதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லக் கேட்டால் அதற்கும் கோபம் வரும். கல்யாணமான முதல் வருஷம், சீனப் பெருநாள் விடுமுறையில், நானும் என் கணவரும் சைக்கிளில் மலைச்சாலைக்குப் போனோம். அன்று அந்தக் கோபம் என்ன செய்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அவர் குளுவாங்கில் சர்வே ஆபீசில் சாலைகளுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தார். நான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் மருந்து கொடுக்க அவருக்கு ஒரு சைக்கிள் உண்டு. பன்னிரண்டு வயதில் அதைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டி, முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்கு நான் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது ஒரு லேடீஸ் சைக்கிள் மட்டும்தான். மூவாரில் மாமியார் வீட்டில் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும், எனக்கென்ன!

டவுனில் சைக்கிள் விடுவது பெரிய ரோதனை. ரப்பர் லாரி, மாட்டு வண்டி, தோட்டத்துத் துரைமார்களின் கார், எல்லாவற்றுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே பாதி நேரம் கால்வாயில் நிற்க வேண்டும். கிழக்கே காட்டுக்குள் மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு மண்சாலை போட்டிருந்தார்கள். இறக்கத்தின் அடியில் ஆற்றுப் பாலம் மட்டும் பாதியில் நின்றது. பாலம் இல்லாததால் கார், லாரி எதுவும் அந்தச் சாலையில் வராது. அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் என் கணவருக்குத் தெரியும், காகிதத்தில்.

"பதினெட்டு மைல். ஒரு வண்டி வராது. நம்ம ரெண்டு பேர்தான்" என்று ஒரு வாரமாக ஆசை காட்டிக்கொண்டிருந்தார். விடிந்ததும் கிளம்பினோம்.

ஏற்றம் என் முதுகை ஒடித்துவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதி மிதித்தேன், பாதி தள்ளினேன். உச்சியில் சாலைக் கூலிகளின் லயம் இருந்தது. பெருநாளுக்கு எல்லோரும் டவுனுக்குப் போயிருக்க, ஒரே ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு புகைந்தது. கூலிகளை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி, என் வயதுதான் இருக்கும், இடுப்பில் ஆறு மாதக் குழந்தையோடு வெளியே வந்து என்னைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அலமாக்! பொம்பளை சைக்கிள் ஓட்டுது! விழுந்தா ஐயாதான் தூக்கி விடுவாங்களா?"

"அவரு விழுந்தா நான் தூக்கி விடுவேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பாலத்துச் சாமான்களுக்குக் காவலாக அவள் புருஷன் மட்டும் விடியற்காலையிலேயே கீழே போயிருந்தான். தினமும் அவனுக்குச் சோறு கொண்டு போவது இவள்தான்.

"நீங்க சைக்கிள்ல போயிருவீங்க. நான் சோறு வடிச்சிட்டுப் புள்ளையைத் தூக்கிட்டு நடந்து வர்றேன். அவரைப் பாத்தா கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இறக்கம் ஆரம்பமாயிற்று. இரண்டு மைல் நீளம். அத்தனை தூரம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் ரப்பர் கருகிப் பிடிக்காமல் போய்விடும். அதனால் மலையில் சைக்கிள் விடுகிறவர்கள் இலையோடு ஒரு மரக்கிளையை வெட்டி, சீட்டுக்கு அடியில் கயிற்றால் கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டு இறங்குவார்கள். கிளை தரையில் உரசி வண்டியை இழுத்துப் பிடிக்கும். என் கணவர் இதற்காகவே பாராங் கத்தியைக் கொண்டு வந்திருந்தார். எந்த மரம், எவ்வளவு கனம் என்று நின்று நிதானமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய நிதானம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

பத்தடி தள்ளிச் சாலையின் குறுக்கே மூன்று கிளைகள் கிடந்தன. பச்சை இலை இன்னும் வாடவில்லை.

"இதோ கிடக்கே. இதைக் கட்டுங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "விழுந்த கிளை இல்ல இது. வெட்டிப் போட்டிருக்கு. வரிசையா வேற கிடக்கு."

"வெட்டியிருந்தா உங்களுக்கு வேலை மிச்சம்."

"யாராவது எதுக்காவது போட்டு வச்சிருந்தா?"

"ஆமா, நீங்க வர்றீங்கன்னு தோரணம் கட்டியிருக்காங்க! வெயில் ஏறுது, கட்டுங்கன்னா!"

கட்டினார். பெரியது அவருக்கு, சின்னது எனக்கு. மூன்றாவது கிளையை நானே இழுத்துச் சாலையோரமாக ஒதுக்கிப் போட்டேன். சோற்றுத் தூக்கும் குழந்தையுமாக அந்தப் பெண் வருவாளே, கால் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்றுதான். சத்தியமாக அந்த நல்லெண்ணத்தில்தான் செய்தேன்.

இறங்கும்போது கிளைகள் போட்ட சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அவர் கிளப்பிய செம்மண் புழுதி முழுக்க என் வாயில். திட்டிக்கொண்டே பின்னால் போனேன். பாதி வழியில் ஒரு பெரிய வளைவு, ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் மூங்கில் புதர். அங்கே மாட்டுக் கொட்டகை போல ஒரு வாடை மூக்கில் அடித்தது. இந்தக் காட்டில் எவன் மாடு கட்டினான் என்று நினைத்ததோடு சரி.

அடியில், பாதிப் பாலத்தின் பக்கத்தில், மண்டோர் மரச்சட்டங்களின் மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளுக்குப் பின்னால் கட்டியிருந்த கிளையைப் பார்த்தான்.

"ஐயா, இந்தக் கொப்பு எங்க எடுத்தீங்க?"

"மேல. ரோட்டுல கிடந்துச்சு."

"மூணு கிடந்துச்சா?"

"ஆமா. ஒன்னை ஓரமா ஒதுக்கிட்டோம்" என்றேன் நான், ஏதோ நல்ல காரியம் செய்த தோரணையில்.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, போச்சே! விடியக்காலையில தடத்தைப் பாத்து நாந்தாங்க வெட்டிப் போட்டுட்டு, பாறையோட ஒட்டி இறங்கி வந்தேன். மூங்கில் வளைவுல ஆனை நிக்குது, குட்டியோட. கொப்பு குறுக்கே கிடந்தா யாரும் இறங்க மாட்டாங்க. என் பொஞ்சாதி சோறு எடுத்துட்டு வருவாளே!"

மாட்டுக் கொட்டகை வாடை என்று நான் நினைத்தது யானை வாடை. எங்கள் சத்தத்துக்கு மிரண்டு அந்த யானை மூங்கிலுக்குள் ஒதுங்கி நின்றிருக்கிறது. நாங்கள் அதன் மூக்குக்குக் கீழே போயிருக்கிறோம்.

"டின் அடிச்சு விரட்ட முடியாதா?" என்றார் என் கணவர்.

"அடிச்சா மேலதாங்க ஓடும். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் பாறை. மேல அவ புள்ளையோட வர்றா." சொல்லிக்கொண்டே ஓட ஆரம்பித்தான். என் கணவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது, இப்போதும் நிதானமா என்று. ஆனால் அவர் சொன்னது சரி.

"ஓடினா அது காதுல விழும். சத்தமில்லாம வளைவைத் தாண்டணும். அதுக்கு மேல அரை மைல் ஏத்தம் கம்மி. அங்க நடக்கிறதைவிட சைக்கிள் வேகம்." பிறகு என்னைப் பார்த்தார். "என் வண்டி கனம். நீதான் என்னைவிட நல்லா ஏறுவே."

"நான் போறேன். எடுக்கச் சொன்னது நான்தானே" என்றேன்.

சைக்கிளைத் தள்ளினால் பின்சக்கரம் டிக் டிக்கென்று சத்தம் போடும். அதனால் கிளையை அவிழ்த்துவிட்டு என் சைக்கிளை அவர் தோளில் தூக்கிக்கொண்டார். மண்டோர் முன்னால், நான் நடுவில், அவர் கடைசியில். செருப்பைக் கழற்றிவிட்டேன். சரளைக்கல் காலைக் குத்தியது. சோறு வடித்திருப்பாளா, கிளம்பியிருப்பாளா, கிளை கிடந்த இடத்தைத் தாண்டியிருப்பாளா? மாதாவே, குழந்தை அழுது அவள் தாமதமாகட்டும், அரிசி வேகாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.

வளைவுக்கு வந்தோம். மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது. இலைகளுக்கு நடுவே சேறு காய்ந்த முதுகு தெரிந்தது, பத்துப் பதினைந்து அடி தூரத்தில். அதன் காலடியில் குட்டியின் காது ஆடியது. நாங்கள் பாறையோடு ஒட்டி ஒவ்வோர் அடியாக நகர்ந்தோம். திடீரென்று மூங்கில் சத்தம் நின்றது. நாங்களும் நின்றோம். நான் திரும்பி, என் கணவரின் தோளில் இருந்த சைக்கிளின் பின்சக்கரம் சுழலாதபடி பிடித்துக்கொண்டேன். மண்டோர் கண்ணை மூடிக் கைகளைக் கூப்பிக்கொண்டான். எவ்வளவு நேரமோ தெரியாது. மறுபடி மூங்கில் ஒடிந்தது. உயிர் போய் உயிர் வந்தது.

வளைவைத் தாண்டியதும் ஏறி மிதித்தேன். அவர்கள் இருவரும் பின்னால் நடந்து வந்தார்கள். மூச்சு நெஞ்சைக் கிழித்தது. வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போனேன். என் மாணவிகளைக்கூட அந்த மாதிரி திட்டியதில்லை.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள். தலையில் சோற்றுத் தூக்கு, இடுப்பில் குழந்தை. என்னைப் பார்த்ததும் ஏதோ கேலியாகச் சொல்ல வாயைத் திறந்தாள். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய் அவள் வாயைப் பொத்தினேன்.

"ஆனை. கீழே, வளைவுல."

அவள் என் கையை விலக்கினாள். "கொப்பு ஓரமா கிடந்துச்சேம்மா! ஆனை போயிட்டா எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் ஒதுக்கிப் போடுவாரு. அதைப் பாத்துத்தானே இறங்கினேன்?"

 நல்லெண்ணத்தோடு நான் ஒதுக்கிய கிளைதான் அவளை வா என்று கூப்பிட்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. கீழே ஒரு பிளிறல். மூங்கில் முறிந்தது. யானை சாலையில் ஏறிவிட்டது. அதற்கும் எங்களுக்கும் நடுவில்தான் ஆண்கள் இருவரும் வந்துகொண்டிருக்க வேண்டும். அவர்களைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை. சாலையின் திருப்பத்தில் சாம்பல் நிறமாக அது வருவது தெரிந்தது. அவள் குழந்தையைப் பிய்த்து என் கையில் திணித்தாள்.

"எனக்குக் காலு வரலம்மா. நீங்க புள்ளையைத் தூக்கிட்டு ஓடுங்க!"

ஒரு கையில் குழந்தை, மறு கையால் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "ஏறு! ஏறுன்னா!" என்று கத்தினேன். என் கோபம் உருப்படியாக ஒரு காரியம் செய்ததென்றால் அது அதுதான். சாலையோரம் மண் வெட்டிய மேட்டில் வேர்களைப் பிடித்துத் தவழ்ந்து ஏறினோம். யானை சைக்கிள் வரைக்கும் வந்து நின்றது. காலால் அதை ஒருமுறை புரட்டியது. கீழே கொட்டியிருந்த சோற்றைக் குட்டி முகர்ந்து பார்த்தது. தாய் அதைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கப் பள்ளத்தில் இறங்கி மரங்களுக்குள் போய்விட்டது.

ஆண்கள் இருவரும் பாறை இடுக்கிலிருந்து ஓடி வந்தார்கள். என் கணவரின் முழங்கை முழுக்க ரத்தம். மண்டோர் மனைவியைப் பார்த்ததும் அப்படியே நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டான். அவள் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்று அழுதாள். பிறகு என்னைக் காட்டினாள்.

"இந்தம்மா மட்டும் வரலேன்னா நானும் புள்ளையும் இல்லீங்க. சாமி மாதிரி வந்தாங்க." என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். குழந்தை என் தோளில் ஏங்கிக்கொண்டிருந்தது.

மண்டோர் தரையைப் பார்த்தான். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் கணவர் ஏதோ சொல்ல வந்தார், பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளத்தான் இருக்கும். நான் விடவில்லை.

"கும்பிடாதே" என்றேன். "கொப்பை எடுக்கச் சொன்னது நான். மூணாவதை ஓரமா இழுத்துப் போட்டதும் நான்தான்."

அவள் கைகள் இறங்கின.  திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கிட்டே வந்து, என் புடவையைப் பற்றியிருந்த குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து அவனை வாங்கிக்கொண்டாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தாள். யானை வந்தபோது அவனை என்னிடம் கொடுத்தவள், இப்போதுதான், நான் செய்தது தெரிந்த பிறகு, அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.