இன்றைக்கு மட்டும் அவர்தான் மெக்கானிக்

சலவை இயந்திரம் பழுது பார்ப்பவருக்கு ஒரு பதிவேடு வேண்டும். தேதி, முகவரி, பழுது, மாற்றிய பாகம் என்று நான்கு பத்திகள் போதும். தெருவே ‘ஸ்பேனர் அக்கா’ என்று அழைத்த அந்தப் பெண்ணின் பதிவேட்டில் மட்டும் ஐந்தாவதாக ஒரு பத்தி இருந்தது: ‘கதவைத் திறந்தவர் முதலில் சொன்னது’. தொழில் தொடங்கிய நான்கு ஆண்டுகளில் அவள் படியேறிய வீடுகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் நானூற்று எழுபது வீடுகளில் ஒரே கேள்விதான்: “மெக்கானிக் பின்னாடி வர்றாரா?” எழுதி எழுதிக் கை சலித்து, அதை ‘மெ.பி.வ.’ என்று சுருக்கிவிட்டாள். எஞ்சியவற்றில் “சோப்புத் தூள்லாம் வேணாம்மா” என்று முகத்தில் கதவைச் சாத்தியவர்கள் பதினோரு பேர்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே எழுதி எழுதித்தான். இயந்திரங்கள் விற்கும் கடை ஒன்றில் ஆறு ஆண்டுகள் புகார் மேசையில் இருந்தாள். தொலைபேசியில் வரும் புகாரை எழுதுவாள். பழுது பார்த்துத் திரும்புகிறவரிடம் காரணத்தைக் கேட்டு அதனருகில் எழுதுவாள். இரண்டே ஆண்டுகளில், வாடிக்கையாளர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் காரணம் பிடிபடத் தொடங்கியது. “தண்ணி வெளிய போகலையா? பம்ப்ல சட்டைப் பொத்தான் மாட்டியிருக்கும் பாருங்க” என்பாள். “அதெல்லாம் உனக்கெதுக்கும்மா, ஆளை அனுப்பு” என்பார்கள். ஆள் போவான்; பொத்தானோடு திரும்பி வருவான். கடை மூடப்பட்டதும் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். வகுப்பில் முப்பத்திரண்டு பேர். பெண் அவள் ஒருத்தி.

அதே கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர்தான் அவள் கணவர். அவர் வேறு மேசை தேடிப் போகவில்லை. சமையலறையில் நுழைந்தவர் அங்கேயே நிலைத்துவிட்டார். அவர் காய் நறுக்கினால் அளவுகோல் வைத்து வெட்டியது போலிருக்கும்; அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொள்ளவே மனம் வராது. “உங்க வீட்ல யாரு தம்பி ஆம்பள?” என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வாயைக் கிளறினாள். “கரப்பான்பூச்சி வந்தா அவ, பால் பொங்கினா நான்” என்றார் அவர், சற்றும் அசராமல்.

வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுப்பவரும் அவர்தான். அந்தக் கனத்த குரலைக் கேட்டு நம்பித்தான், பதினோரு புதிய இயந்திரங்கள் கொண்ட ஆண்கள் விடுதி ஒன்றின் மேலாளர், “நீங்களே நேர்ல வந்து பாருங்க சார். சரியா இருந்தா வருஷ ஒப்பந்தம் உங்களுக்குத்தான்” என்று சொல்லியிருந்தார். அந்த ஆண்டில் மட்டும் மூன்று நிறுவனங்கள் அவளை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தன. இந்த ஒப்பந்தம் கிடைத்துவிட்டால், வீடு வீடாகப் படியேறி நிற்க வேண்டியதில்லை. விடுதிக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று காலை அவளே வாய் திறந்தாள்.

“என்னங்க, இன்னைக்கு மட்டும் நீங்கதான் மெக்கானிக். நான் அசிஸ்டென்ட்.”

“எனக்கு ஸ்பேனர் எது, கரண்டி எதுன்னு தெரியும். அதோட நிறுத்திக்கலாமே.”

“மூணே மூணு சொல்லித் தர்றேன். ‘ம்ம்’, ‘பார்த்துடலாம்’, ‘இது வழக்கமா வர்றதுதான்’. நான் பார்த்த மெக்கானிக்குங்கள்ல பாதிப் பேர் இத வச்சே காலத்தை ஓட்டிட்டாங்க.”

விடுதியின் சலவை அறையைக் கண்டதும் இருவருக்கும் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. பதினோரு இயந்திரங்களும் நைலான் கயிற்றால் சன்னல் கம்பிகளோடு கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு செங்கற்கள்.

“சுத்த ஆரம்பிச்சா நடக்குது சார். போன வாரம் இந்த மூணாவது மெஷின் கதவு வரைக்கும் போயிடுச்சு” என்றார் மேலாளர்.

“இது வழக்கமா வர்றதுதான்” என்றார் கணவர்.

“நடக்குறதா?”

“ம்ம்.”

கணவருக்கு நாற்காலியும் தேநீரும் வந்தன. “நீ அந்தப் பக்கமா நில்லும்மா, தண்ணி தெறிக்கும்” என்பது அவளுக்குக் கிடைத்த உபசாரம். அந்தப் பக்கம் என்பது இயந்திரத்தின் பின்பக்கம். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. வண்டியில் ஏற்றி வரும்போது உள்ளிருக்கும் உருளை ஆடாதிருக்க, பின்னால் நான்கு தடித்த போல்ட்டுகளை முடுக்கியிருப்பார்கள். ஓட்டத் தொடங்குமுன் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். பொருத்த வந்தவர்கள் கழற்றவே இல்லை. உருளை ஆட இடமின்றி, இயந்திரமே ஆடிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து கணவரின் காதில் சொன்னாள்: “பின்னாடி நாலு போல்ட். இடது பக்கமா சுத்துங்க.”

அவர் மண்டியிட்டார். பையிலிருந்த ஸ்பேனர்களில் பளபளப்பான ஒன்றை எடுத்தார். அது இரண்டு அளவு பெரியது. சுற்றியதோ வலது பக்கம். ஸ்பேனர் வழுக்கியது, போல்ட்டின் விளிம்பிலிருந்து வெள்ளித் துகள் உதிர்ந்தது. இன்னும் இரண்டு சுற்றில் அதன் தலை மழுங்கிவிடும். பிறகு யாராலும் கழற்ற முடியாது. மேலாளரின் உபசாரத்தைப் பொறுத்துக்கொண்டவளால் இதைப் பொறுக்க முடியவில்லை.

“கைய எடுங்க!”

அறை எதிரொலித்தது. மேலாளர் வாயருகே கொண்டுபோன கோப்பை அங்கேயே நின்றது.

அவள் சரியான ஸ்பேனரை எடுத்தாள். மூன்று நிமிடங்களில் நான்கு போல்ட்டுகளும் தரையில் வரிசையாகக் கிடந்தன. கயிற்றை அறுத்தாள், செங்கற்களைக் காலால் தள்ளினாள், உள்ளே கிடந்த துணிகளோடு இயந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, கணவரின் தேநீர்க் கோப்பையை அதன் தலைமேல் வைத்தாள். தேநீரில் மெல்லிய வட்டங்கள் எழுந்தன. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மேலாளர் கணவரின் பக்கம் திரும்பி, “சார், உங்க அசிஸ்டென்ட் பரவாயில்லையே!” என்றார். ஒப்பந்தத் தாளையும் நீட்டினார். ‘மெக்கானிக்’ என்ற இடத்தில் கணவரின் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

கணவர் அவளைப் பார்த்தார். காலையில் போட்ட திட்டம் பலித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“அசிஸ்டென்ட் அவரு சார். அதுவும் இன்னைக்கு மட்டும். மெக்கானிக் நான்.”

“அப்ப போன்ல பேசினது?”

“என் வீட்டுக்காரர். வீட்டைப் பார்த்துக்கிறாரு, போனும் எடுப்பாரு.”

“ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?”

மேலாளர் பொய் சொல்லத் தெரியாதவர். கழுத்தைச் சொறிந்துகொண்டார். “விட்டிருக்க மாட்டேன்தான்…” என்று இழுத்தார். “இப்பவும் மேல கேப்பாங்களேம்மா, ஒரு பொம்பளையையா போட்டீங்கன்னு.”

“மெஷின் நடக்குதான்னு கேக்கச் சொல்லுங்க சார்.”

மேலாளருக்குச் சிரிப்பு பீறிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து தாளை மடிமேல் வைத்து, எழுதியிருந்த பெயரை ஒரே கோடாக அடித்தார். “சொல்லுங்க மேடம், உங்க பேரு?” அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

மூன்று வாக்கியச் சிறையிலிருந்து விடுதலையான கணவர், இதற்குள் இயந்திரம் நின்றதும் கதவைத் திறந்து துணிகளை வெளியே எடுத்து உதறத் தொடங்கியிருந்தார். “எவ்வளவு தூள் கொட்டுறீங்க சார்? துணியெல்லாம் வழவழன்னு கிடக்கு. இதுல பாதி போதும்.”

மேலாளர் அவரருகே நகர்ந்து, தன் சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினார். “இந்த அழுக்கு மட்டும் போகவே மாட்டேங்குது.”

“வீட்ல யார் துவைக்கிறாங்க?”

மேலாளர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நான்தான். வெளியில சொல்லிடாதீங்க.”

“தூளைக் குழைச்சுத் தடவி அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் பழைய பல் பிரஷ்ஷால மெதுவா.”

மேலாளர் அதைத் தன் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

அவள் தாளில் கையெழுத்திட்டாள். கணவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். “நான் எங்க போடணும்?”

“நீங்க எங்கயும் போட வேணாம். வீட்டுக்குப் போங்க, எனக்கு இன்னும் பத்து மெஷின் இருக்கு.”

அவர் விசிலடித்தபடி கிளம்பினார். அவள் இரண்டாவது இயந்திரத்தின் கயிற்றை அறுத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குனிந்தாள். அங்கே நல்ல இருட்டு. மேலாளர் இரண்டு செங்கற்களையும் கையில் தூக்கிக்கொண்டு நின்றார்.

“மேடம், இதை எங்க வைக்கட்டும்?”

“அப்படி ஓரமா வச்சிட்டு, என் பையில இருக்குற டார்ச்சை எடுத்துக் கொஞ்சம் கிட்ட காட்டுங்க சார். ஆட்டாம பிடிங்க.”