தொட்டிக்கு அமாவாசை

நாங்கள் படுக்கும் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைத்தபோது, நிலா வெளிச்சம் போன்ற நீல விளக்கையும் மாட்டினோம். அது எரிந்தால்தான் மகள் தூங்கினாள். அதனால் விடியும்வரை எரியவிட்டேன். சில வாரங்களில், தொட்டிக்குள் பூப்போல விரிந்திருந்த மென்பவள உயிர்கள் பகலிலும் சுருங்கியே கிடந்தன. தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சோதித்தேன், அதில் குறையில்லை.

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த கணவர் சிரித்தார். "ஏளா, கடலுக்கே அமாவாசை உண்டு. நம்ம தொட்டிக்கு மட்டும் தெனமும் பௌர்ணமியா?"

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, மகள் அழுவாள் என்று அவளை ஒட்டிப் படுத்தேன்.

"மீனும் தூங்குதாம்மா?" என்று கேட்டாள்.

"தூங்குது."

அவளும் தூங்கிவிட்டாள். பவளங்கள் விரிந்தனவா என்று பார்க்க நான்தான் டார்ச்சோடு எழுந்தேன். தொட்டியருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டார்ச்சை அடிக்காமலே வந்து படுத்தேன்.