தாலி கட்டுகிற இடத்தில் நின்றுபோன டெக்

மண்ணெண்ணெயில் தோட்டத்து மோட்டாரை ஓட வைத்தேன். சைக்கிள் டைனமோவால் ரேடியோவைப் பேச வைத்தேன். பிரேக் கட்டை கிடைக்காத காலத்தில் பழைய டயரை வெட்டிப் போட்டு எங்கள் ஊரான இணுவிலில் பாதிச் சைக்கிள்களை நிற்க வைத்தவன் நான்தான். என் வீட்டின் கூரை, கிணற்றுக் கட்டு, கதவு நிலை எல்லாம் இந்தக் கையால் வந்தவை. படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் புகையிலைத் தோட்டத்தில். பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனாலும் இவை அத்தனையையும் ஒரு தட்டில் போட்டு, அக்கா வீட்டில் நான் ஓட வைத்த வீடியோ டெக்கை மறு தட்டில் வைத்தால், டெக்கின் பக்கம்தான் தாழும்.

டெக் என்னுடையது. கரண்ட் இருந்த நாளில் கொழும்பிலிருந்து புதுப் பெட்டியோடு கொண்டுவந்தேன். சண்டை வந்து பாதை பூட்டிக் கரண்டும் போன பிறகு ஜெனரேற்றரோடு வீடு வீடாகப் போய்ப் படம் காட்டிக் காட்டி, கடைசியில் அதற்கு வயதாகிவிட்டது. கசெற்றைப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு நாடாவை உள்ளே இழுத்து நூடில்ஸ் மாதிரிச் சுருட்டி வைத்துக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் மகளுடைய கலியாணக் கசெற் லண்டனிலிருந்து வந்தது. தெரிந்த ஒருவர் பொலித்தீனில் சுற்றி, கடல்நீரேரியில் படகேறிக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளையை லண்டனுக்கு அனுப்பி வருடக் கணக்காகிவிட்டது. மருமகனை ஒரு சின்னப் படத்தில் மட்டும்தான் அக்கா கண்டிருந்தாள். பெற்றவள் பக்கத்தில் நிற்காமல் தாலி ஏறிவிட்டதே என்று தினமும் அழுவாள்.

கசெற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சொன்னாள்: "தம்பி, ஊரிலை இருக்கிற மற்ற டெக்குகளும் கிழடுகள்தான். நாடா அறுந்தால் எனக்கு வேறை கொப்பி இல்லை. நீ திருத்தித் தந்தால்தான் நான் என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாப்பன்."

பக்கத்தில் நின்ற அத்தான், அக்காவின் புருஷன், சும்மா இருப்பாரா? "உவன் திருத்தினால் கலியாணம் செத்தவீடாத்தான் ஓடும்" என்றார்.

அன்றே டெக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிக்கு மிதித்தேன். அங்கே டெக் திருத்துகிற பொடியன் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, உள்ளை நாடாவைச் சுத்துற ரப்பர் பெல்ற் தொய்ஞ்சு செத்துப் போச்சு. புதுசு கொழும்பிலையிருந்து வரவேணும். இஞ்சை உடுப்புத் தோய்க்கிற சவுக்காரமே வரேல்லை, பெல்ற் எங்கை வரப்போகுது?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"வேறை டெக் பாருங்கோ. இதுக்கு மேலை ஒரு பூச்சாடி வைச்சால் வடிவாயிருக்கும்."

அந்தப் பூச்சாடிக் கதை எனக்குச் சுட்டது. திரும்பும் வழியில் சைக்கிளுக்குக் காற்றுப் போனது. ஒட்டுப் போட ரியூப்பை வெளியே இழுத்தேன். கையில் நீண்டு சுருங்கிய அந்த ரப்பரைப் பார்த்ததும் ரோட்டோரத்தில் நின்றே சிரித்துவிட்டேன். பெல்ற் என் சைக்கிளுக்குள்ளேயே கிடந்திருக்கிறது!

பழைய ரியூப்பைக் குறுக்கே அரிந்து ஒரு வளையம் எடுத்துப் போட்டேன். அக்கா வீட்டு முற்றத்தில் இரவல் ஜெனரேற்றரை இயக்கி, ஒரு பழைய படத்தை விட்டுப் பார்த்தோம். படம் வந்தது. கதாநாயகி வாயைத் திறந்தாள், ஆம்பிளைக் குரல் வந்தது.

"என்ன மச்சான், பொம்பிளைக்குத் தடிமனே, மூக்கடைப்பே?" என்றார் அத்தான்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. நாளைக்கு உங்கடை வாயாலையே என்னைப் புகழ வைக்கிறன்."

பிழை எங்கே என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. வளையம் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. அதனால்தான் இழுத்து இழுத்து ஓடியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். ஒரு மர உருளையில் வளையத்தை மாட்டி, பின் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்தேன். "அத்தான், பெடலைச் சுத்துங்கோ" என்றேன். அவர் முணுமுணுத்தபடி சுற்றினார். சக்கரம் உருளையைச் சுழற்றியது. நான் அரத்தாளை வைத்து அழுத்தினேன். ரப்பர் தூள் பறந்து அத்தானின் வெள்ளை வேட்டி கறுப்பானது. வளையமோ வளையல் மாதிரி ஒரே கனத்தில் வந்தது.

நாடாவிலிருந்து படத்தைப் படிக்கிற ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட் இல்லை. அக்கா அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த ஓடிக்கொலோன் வாசனைத் தைலப் போத்தலைத் தந்தாள். டெக் காய்ச்சலில் கிடக்கிற வருத்தக்காரர் அறை மாதிரி மணத்தது. பழைய படத்தை மறுபடி விட்டோம். கதாநாயகிக்குத் தடிமன் மாறியிருந்தது.

எங்களுக்கு அது படம் பார்க்கிற நாளாக இருக்கவில்லை, கலியாண நாளாகவே இருந்தது. அக்கா பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் எடுத்தாள். வாசலில் நிறைகுடம், ரீவிக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு, குசினியில் பலகாரம். தன்னுடைய கூறைச் சேலையை உடுத்துக்கொண்டு முன்வரிசையில் பெண்ணின் தாயாகவே இருந்தாள். சொந்தக்காரரும் அயலட்டைச் சனமும் பட்டுடுத்தி வந்து பாயில் நிறைந்தார்கள். சூடேறாமல் இருக்க டெக்கின் மேல் மூடியைக் கழற்றி வைத்தேன்.

கசெற் ஓடியது. பிள்ளை மணவறைக்கு வந்தாள். அக்கா பாயிலேயே முன்னுக்கு நகர்ந்தாள். மாப்பிள்ளை தாலியை எடுத்தான், மேளம் கெட்டியாக முழங்கியது. அவ்வளவுதான், சபை முழுவதும் எழும்பியது. கையில் அறுகரிசி, அறுகம்புல் கலந்த அட்சதை! யார் எப்போது பங்கு போட்டார்களோ தெரியாது. லண்டனில் இருக்கிற பிள்ளைக்கு ரீவியைப் பார்த்து எல்லாரும் வாரி வீசினார்கள். பாதி அரிசி திறந்த டெக்குக்குள் போனது. "கிறீச்" என்றது. படம் போய்விட்டது.

"ஐயோ, தாலி இன்னும் கட்டேல்லையடா!" என்று அக்கா தலையில் கை வைத்தாள்.

தாலி பாதியில் நிற்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உள்ளே நாடா உருளையைச் சுற்றி நிற்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் அறும். அறுந்தால் அக்கா அந்தத் தாலியைக் காணவே மாட்டாள்.

"ஒருத்தரும் கிட்ட வரப்படாது. அக்கா, உங்கடை கொண்டை ஊசியைத் தாங்கோ."

ஜெனரேற்றரை நிறுத்தச் சொன்னேன். கொண்டை ஊசியால் பற்சக்கரங்களுக்குள் இருந்த அரிசியை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். அறுகம்புல் ஒன்று என் பெல்ற்றில் சுற்றியிருந்தது, அதை நகத்தால் உரித்தேன். மோட்டாரை விரலால் மெல்ல மெல்லத் திருப்பி, நாடாவைச் சுருக்கில்லாமல் கசெற்றுக்குள் அனுப்பினேன். அத்தான் விசிறியால் எனக்கு விசிறிக்கொண்டு நின்றார். அன்றுதான் முதல் தடவை அவர் வாயிலிருந்து பகிடி வரவில்லை.

ஜெனரேற்றரை இயக்கச் சொல்லி, கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டேன். மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினான், முழுதாகக் கட்டினான். இந்தத் தடவை ஒருவரும் அரிசி வீசவில்லை, பொத்திய கையோடு நின்றார்கள். அக்கா எழும்பிப் போய் ரீவிக் கண்ணாடியில் பிள்ளையின் தலை தெரிந்த இடத்தில் நாலு அரிசியை மெதுவாக வைத்து ஒற்றினாள். அவை உதிர்ந்து நிலத்தில் விழுந்தன. "கண்டிட்டன்," என்றாள். "இனி எனக்குக் குறையில்லை."

அத்தான் என் தோளில் தட்டி, "மச்சான், நீ வெண்டிட்டாய்" என்றார். சபை கேட்கத்தான் சொன்னார்.

இப்போது லண்டனிலிருந்து பிள்ளையும் குடும்பமும் வருகிற போதெல்லாம் இந்தக் கதை நடக்கிறது. கசெற் கொண்டுவந்தவரைச் சொல்கிறார்கள், ஜெனரேற்றர் இரவல் தந்தவரைச் சொல்கிறார்கள், ஓடிக்கொலோனைக்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெல்ற் மட்டும் ஏதோ வானத்திலிருந்து விழுந்த மாதிரி. கடவுள் புண்ணியத்தால் அம்மா தாலி கட்டினதைப் பார்த்திட்டா என்று அக்காவின் மகள், என் மருமகள், சொல்கிறாள். கடவுளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை, கடவுளுக்கு அடுத்தபடியாக உன் மாமனைச் சொல்ல வேண்டும். உன் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் சொல்ல வேண்டும், பெயரைச் சொல்லி, சத்தமாக.