ஏரிக்கரைத் தினை லட்டு

காலையில் நடப்பவர்களை எனக்குப் பிடிக்காது. பளபளக்கிற ஷூவோடு, முன்பின் தெரியாதவனுக்கும் குட் மார்னிங் சொல்லிக்கொண்டு வருகிற அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே எரியும். அதில் நானும் சேர வேண்டியதாயிற்று. சர்க்கரை வியாதியால் என் அண்ணனுக்குக் கால் விரலை எடுத்த சமயத்தில், எனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார் டாக்டரம்மா. நடங்கள், இனிப்பை விடுங்கள், அடுத்த டெஸ்டில் குறையாவிட்டால் மாத்திரைதான் என்றார். அண்ணனும் மாத்திரையில்தான் தொடங்கினான். பயந்துபோனேன்.

பயந்தால் போதுமா, உடம்பு எழ வேண்டாமா? அம்பத்தூர் ஆபீசில் கம்ப்யூட்டரை முறைத்துவிட்டு, ரயிலில் நசுங்கி கொரட்டூர் வந்து சேர்பவனுக்கு விடிந்தால் கை கால் அசையாது. நடந்தால் களைப்பு தானாகப் போய்விடும் என்று போனில் வரும் வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைக்க வேண்டும்.

என்னை எழுப்பியவன் கீழ்வீட்டுக்காரன். கொரட்டூரிலேயே பிறந்தவன், என் வயதுதான், ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். கதவை உடைப்பதுபோல் தட்டுவான்.

"இன்னா மச்சான், இன்னும் தூங்கினுகீறியா? ஏந்திரு, லட்டு தீந்துடும்."

ஏரிக்கரையில் நடை முடிகிற இடத்தில் ஒரு வேன் நிற்கும். அதில் அருகம்புல் சாறும் கருப்பட்டி போட்ட தினை லட்டும் விற்பார்கள். சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்போம். லட்டுக்கு மூக்கைப் பிடிக்கத் தேவையில்லை.

"வெள்ள சக்கரதான் மாமே விஷம். கருப்பட்டி இன்னா பண்ணும்?" என்பான்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் கருப்பட்டியை யாரும் இனிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. சளி பிடித்தாலும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். மருந்து சாப்பிடுகிற நிம்மதியோடு தின்றேன், பசித்த நாளில் இன்னொன்றும் வாங்கினேன்.

அடுத்த டெஸ்டில் சர்க்கரை ஏறியிருந்தது. லட்டு விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கருப்பட்டியும் சர்க்கரைதாங்க. உங்க ரத்தம் கலரெல்லாம் பார்க்காது."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். நேராக வந்து கீழ்வீட்டுக்காரனைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

"உன் லட்டால என் கால் போகப்போகுதுய்யா!"

"நான் இன்னா உன் வாய்ல ஊட்டியா வுட்டேன்? துன்னது நீதானே?"

அவன் சொன்னது நியாயம். அதனாலேயே இன்னும் ஆத்திரம் பொங்கியது. இனி என் கதவைத் தட்டினால் மரியாதை கெட்டுவிடும் என்று கத்தினேன்.

அவன் தட்டவில்லை. நானும் வஞ்சனையில்லாமல் தூங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான், நடக்கிறாயா என்று கேட்டான். நடக்கிறேன் என்று புளுகினேன்.

"விட்ராதடா. நான் பாத்ரூமுக்கே சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன்."

மறுநாள் காலை நான் கீழே இறங்கி அவன் கதவைத் தட்டினேன். லுங்கியோடு வீங்கிய முகத்தோடு வந்து நின்றான். அவனும் இத்தனை நாள் நடக்கவில்லை. ஏரிக்கரையில் நடந்தோம். வேன் நிற்கிற இடம் வந்ததும் அவன் கை லட்டை நோக்கிப் போனது. ஓங்கி அடித்தேன். நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மனசாட்சி கீதா உனுக்கு?"

"இல்ல. நட."

அன்றிலிருந்து தினமும் நான்தான் தட்டுகிறேன். திட்டிக்கொண்டே வருகிறான். விடிந்ததும் அவன் மூஞ்சியில் விழிக்க எனக்குப் பிடிக்கவில்லை, என் மூஞ்சி அவனுக்கு ஆகவில்லை. லட்டு போனது, குட் மார்னிங்கும் கிடையாது. களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

நேற்று என்னால் முடியவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சற்று நேரத்தில் கதவு அதிர்ந்தது.

"ஏந்திர்றா! கால் வோணாமா உனுக்கு?"

அவனைத் திட்டிக்கொண்டே ஷூவைத் தேடினேன்.