கப்பலில் பிசிறு வெட்டியவன்

போன ஞாயிறு வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்தேன். இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா எஞ்சினியரிங் கல்லூரியில் ஆசிரியை. வேலையோடு ஆறு வருடமாக பிஎச்.டி. செய்கிறாள். திங்கட்கிழமை கடைசி ரிவ்யூ. கமிட்டிக்குக் காட்ட ஒரு முழ நீள மாதிரி மரக் கப்பலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

அவள் சிவாஜிநகருக்குப் பிரியாணிக்குக் கறி வாங்கப் போன நேரம்... பார்த்தேன். கப்பலின் பின்பக்கத் தளம் முழுக்க நூல் பிசிறு. ஆறு வருட உழைப்பு இப்படியா போய் நிற்பது? கத்தரிக்கோலை எடுத்தேன். வழவழவென்று ஆக்கிவிட்டேன்!

திரும்பி வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இங்க இருந்த நூலெல்லாம் எங்கங்க?"

"பிசிறா இருந்துச்சு. வெட்டிட்டேன்."

"அது பிசிறு இல்லங்க. காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு அதுதான் காட்டும். ஒவ்வொண்ணா ஒட்டினேன்."

அவள் கண் கலங்கியது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

விஷயம் இதுதான். கப்பலின் பின்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கும். அதற்கு முன்னால் பெட்டி மாதிரி ஒரு கொட்டகை. முன்னாலிருந்து வரும் காற்று அதன் விளிம்பில் பிய்ந்து, தளத்தில் சுழன்று விழும். இறங்குகிற பைலட்டுக்கு அதுதான் கண்டம். கொட்டகையின் விளிம்பைச் சரித்தால் சுழல் குறையும் என்பது ஸ்டெல்லாவின் வாதம். அதற்குச் சாட்சி அந்த நூல்கள். சாட்சிகளைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

"நானும் ஒட்டட்டுமா?" என்றேன்.

"ஸ்வல்ப வாய மூடிட்டு ஒட்டுங்க." கோபம் வந்தால் அவளுக்குக் 'கொஞ்சம்' கூடக் கன்னடத்தில்தான் வரும்.

சாயங்காலம் வரை ஒட்டினோம். கம் காய்வதற்குள் நூல் பறந்துவிடும் என்று ஃபேனைக்கூடப் போடவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது. பிரியாணி? கேட்க தைரியம் வரவில்லை.

திங்கள் மாலை வந்து சொன்னாள். கமிட்டி முன் கப்பலைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, காற்றைத் திறந்ததும் எல்லா நூல்களும் துடித்தனவாம். நடுவில் ஒன்று மட்டும் அசையாமல் படுத்திருந்ததாம். மூத்த பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இந்த இடத்துல மட்டும் காத்து அமைதியா இருக்கே, ஏம்மா?" என்று கேட்டாராம். அவள் குனிந்து பார்த்திருக்கிறாள். நூலின் ஒரு முனையில் மட்டும் இருக்க வேண்டிய கம், இரண்டு முனையிலும்.

"நீ என்ன சொன்ன?" என்றேன் பயத்தோடு.

"அமைதி இல்ல சார், அது என் ஹஸ்பண்டுன்னு சொன்னேன்."

கமிட்டி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதாம். நானும் சிரித்தேன் — அந்த இடத்தை நம்பி ஒரு பைலட் இறங்கியிருந்தால் என்று தோன்றும் வரை.