சீல் சாரின் தேநீர் வைத்தியம்

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.20. ஏழாம் எண் கணினி மறுபடியும் திணறுகிறது என்ற செய்தி போனதும் சீல் சார் வந்து சேர்ந்தார். திரையை அவர் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் மண்டியிட்டு, சிபியு பெட்டியின் பின்புறம் டார்ச் அடித்து, பக்கத் தகடு வந்து சேரும் இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளி நிற ஸ்டிக்கரைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "சீல் பத்திரமா இருக்கு," என்றார். பாதி வைத்தியம் முடிந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

இடம்: பெரிய நூலகம் ஒன்றின் அட்டவணைப் பிரிவு, இரண்டாம் மாடி, நீள அறை. கணினிகள்: பன்னிரண்டு, எல்லாம் ஒரே நாளில் வாங்கப்பட்டவை, வயது ஒன்பது. வேலை: இழுப்பறைகளில் கிடக்கும் பழைய அட்டைகளைத் தூசி தட்டி, அவற்றில் உள்ள நூல் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது. ஏற்றுபவர்கள்: பன்னிரண்டு பேர், அனைவரும் தற்காலிகம். கணினிகளுக்குப் பொறுப்பாளர்: ஒருவர், வயது ஐம்பத்து மூன்று, பணி நிரந்தரம்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அது அங்கேயே இருக்கிறது. அட்டை ஏற்றுபவர்களை அவரவர் கணினியின் எண்ணால் அழைக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே. "ஏழு, கொஞ்சம் எந்திரிங்க." "எட்டு, அந்த ஒயரை மிதிக்காதீங்க." பதிலுக்கு அறை அவருக்குச் சூட்டிய பெயர்தான் சீல் சார்.

ஏழு என்பவள் முப்பத்தொரு வயதுப் பெண். பள்ளி வேன் ஓட்டுபவரின் மனைவி. நான்கு வயது மகளின் தாய். அவளுடைய கவலை முழுவதும் ஓர் எண்ணில் அடங்கிவிடும்: நூற்று நாற்பது. நாளொன்றுக்குச் சராசரியாக அத்தனை அட்டைகளை ஏற்றியவர்கள் மட்டுமே மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நிரந்தரப் பட்டியலில் இடம்பெறுவார்கள் என்று கண்காணிப்பாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார். மற்றவர்கள் ஏப்ரலில் வர வேண்டியதில்லை. ஏழின் சராசரி தொண்ணூற்றாறு. அட்டைக் கணக்கு எழுதும் தாளில் 'கணினி நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. அதை வாரந்தோறும் நிரப்பிக் கையெழுத்திடுபவர் சீல் சார். வாரந்தோறும் அவர் எழுதுவது ஒரே சொல்: நன்று. கணினி நன்று என்றால் குறை யாரிடம் என்பதைத் தனியே எழுத வேண்டியதில்லை.

ஸ்டிக்கர் சோதனை முடிந்து நாற்காலியில் அமர்ந்ததும் அவர் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி 'ரிஃப்ரெஷ்' கொடுக்கத் தொடங்குவார். ஒருமுறை இருமுறை அல்ல. ஏழு எண்ணிப் பார்த்த நாளில் இருபத்தாறு முறை. மயங்கி விழுந்தவரின் முகத்தில் தண்ணீர் தெளிப்பவரின் அக்கறையோடு அதைச் செய்வார். திரை கண்ணைச் சிமிட்டுமே தவிர எழுந்திருக்காது. பிறகு தேவையற்ற கோப்புகளை அழிப்பார். தேவையான ஒன்றிரண்டும் அவற்றோடு சேர்ந்து போகும். அதற்கும் மசியவில்லை என்றால் குற்றவாளியைத் தேடுவார்.

"இது யாரு போட்டோ?"

"என் பொண்ணு சார்."

"குழந்தை போட்டோவத் திரை முழுக்க வச்சா மிஷின் எப்படி ஓடும்? வெயிட்டு தாங்க வேணாமா?"

நான்கு வயதுக் குழந்தை நீக்கப்பட்டாள். அவள் இருந்த இடத்தில் வெறும் நீலம் வந்தது. கணினி அப்போதும் இழுத்துக்கொண்டுதான் கிடந்தது.

"நீங்க ரொம்ப வேகமா அடிக்கிறீங்க ஏழு. அதுக்கு மூச்சு வாங்குது. நீங்க நிதானமா அடிங்க, அது வேகமா ஓடும்."

"நிதானமா அடிச்சா நூத்தி நாப்பது எப்படி சார் வரும்?"

"அது உங்களுக்கும் மேடத்துக்கும் உள்ள விஷயம். நான் மிஷினுக்குத்தான் பொறுப்பு."

கடைசி மருந்தாகக் கணினியை அணைத்து, மின் இணைப்பையும் பிடுங்கி, "கொஞ்சம் ரெஸ்ட்டு எடுக்கட்டும். வந்து பாத்துக்கறேன்," என்று கீழ்த்தளக் கான்டீனுக்கு இறங்கிவிடுவார். தேநீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, இணைப்பைக் கொடுத்துப் பொத்தானைத் தட்டுவார். கணினி துள்ளிக் குதித்து ஓடும். "பாத்தீங்களா? கை ராசி," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். அரை மணி நேரம் கழித்து அது மறுபடி படுக்கும்போது அவர் வேறு மாடியில் வேறொன்றைக் குணப்படுத்திக்கொண்டிருப்பார்.

அந்தக் கை ராசியை ஏழு ஒரு நோட்டில் குறித்துவந்தாள். மார்ச் நான்கு: சார் தேநீருக்குப் போய்வந்தது இருபத்தொரு நிமிடம், கணினி ஒழுங்காக ஓடியது முப்பத்தாறு நிமிடம். மார்ச் ஆறு: கான்டீனில் பால் தீர்ந்துவிட்டதால் சார் ஒன்பது நிமிடத்தில் திரும்பிவிட்டார், கணினி ஓடியது பதினான்கு. மார்ச் பதினொன்று: மறுபடி இருபத்தொன்று, முப்பத்தைந்து. அவர் என்ன செய்தார் என்பதற்கும் கணினி ஓடியதற்கும் எந்த உறவும் இல்லை. அவர் எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தார் என்பதற்கும் அதற்கும்தான் உறவு இருந்தது.

பதினெட்டாம் தேதி காலை, மகளுக்குத் தலை வாரியபடி இதைக் கணவனிடம் சொன்னாள். அவன் வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நிறுத்தி வச்சா ஓடுது, ஓட ஓடப் படுக்குதா? அது சூடு. ரேடியேட்டர் அடைச்சா என் வண்டியும் மேடு ஏறும்போது இப்படித்தான் முக்கும். தொட்டுப் பாத்தியா?"

"தொடக் கூடாதாம். சீல் இருக்காம்."

"சீல் உள்ள இருக்குறதுக்குத்தானே? வெளிய தொட்டா ஷாக்கா அடிக்கும்?"

அன்று கணினி திணறத் தொடங்கிய நேரத்தில் ஏழு பெட்டியின் பக்கத் தகட்டில் புறங்கையை வைத்தாள். இஸ்திரிப் பெட்டியில் பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே போடப்பட்டிருந்த மேசை கண்ணில் பட்டது. அந்த மேசையில்தான் பன்னிரண்டு பேரும் பிரஷ்ஷால் அட்டைகளைத் தட்டுவார்கள். பல ஆண்டுத் தூசி அங்கே பறந்து ஏழிலும் எட்டிலும் படியும். மேசையை அங்கே போடச் சொன்னவர் சீல் சார். அங்கே போட்டால்தான் மேசை விளக்கின் ஒயர் எட்டுமாம்.

"சார், உள்ள தூசி அடைச்சிருக்கும். ஒரே ஒரு தடவ தொறந்து தொடச்சிடலாம் சார்."

அவருடைய மகளை யாரோ தவறாகப் பேசிவிட்டதுபோல் சீல் சார் முகம் மாறியது. "தொறக்கிறதா? சீல் கிழிஞ்சா கம்பெனிக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான். வாரண்டி போயிடும்."

ஏழு ஒரு தாளை நீட்டினாள். கணினிகள் வாங்கிய ரசீதின் நகல். கோப்பறையில் அரை நாள் துழாவி எடுத்தது. "வாரண்டி மூணு வருஷம்தான் சார். முடிஞ்சே ஆறு வருஷம் ஆச்சு."

அவர் ரசீதை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்து அவளிடமே கொடுத்தார். "முடிஞ்சா என்னம்மா? சீலுக்குன்னு ஒரு மரியாத இருக்குல்ல?"

இந்த மரியாதையின் வேர் வீட்டில் இருந்தது. பத்தொன்பதாம் தேதி, அவர் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவருடைய மனைவி வந்திருந்தார். வெள்ளி ஸ்டிக்கர் விவகாரத்தை எட்டு சொல்லக் கேட்டு அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இதுக்கே மலச்சா எப்படிம்மா? வீட்டுல ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வந்த பிளாஸ்டிக்க இன்னும் உரிக்க விடல. ரிமோட்டு கவருக்குள்ள இருக்கு. எந்தப் பட்டன் எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சோபா மேல உக்காந்தா சரசரங்குது. கல்யாணம் ஆன புதுசுல என்ன மட்டும் எப்படிக் கவர் போடாம விட்டாருன்னு இன்னைக்கும் யோசிக்கிறேன்."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். சீல் சார் கண்ணாடியை உறையிலிருந்து எடுத்து அணிந்து, உறையைத் துடைத்துப் பையில் வைத்தார்.

இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. பட்டியலுக்குப் பத்து நாள் இருந்தது. ஏழு நோட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். கண்காணிப்பாளர் சொற்சிக்கனம் உள்ள அம்மையார். பக்கங்களைப் புரட்டியவர் ஒரு பத்தியின் தலைப்பில் விரலை வைத்தார்.

"அது என்ன, 'சார் டீ'?"

"அதுதான் மேடம் மருந்து."

கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். "நீ தள்ளிக்கோம்மா. நானே அடிச்சுப் பாக்குறேன்." கடிகாரத்தை மேசை மேல் கழற்றி வைத்துவிட்டு அட்டைகளை ஏற்றத் தொடங்கினார். சீல் சார் பின்னால் கைகட்டி நின்றார். முப்பத்து நான்காவது நிமிடத்தில் கண்காணிப்பாளரின் விரல்கள் நின்றன.

"நான் அடிச்ச எழுத்து எங்கங்க போச்சு?"

"வந்துகிட்டே இருக்கும் மேடம்."

எழுத்து வரவில்லை. சீல் சார் மெல்லக் குனிந்து, "ஒரு இருபது நிமிஷம் ரெஸ்ட்டு குடுத்தீங்கன்னா..." என்று தொடங்கினார்.

"டீக்குப் போக வேணாம். இப்பவே தொறங்க."

அவர் தேநீருக்குப் போகவில்லை, தேநீரை வரவழைத்தார். குடிப்பதற்காக அல்ல. மின் இணைப்பைப் பிடுங்கியபின், ஆவி பறக்கும் டம்ளரின் அடிப்பாகத்தை ஸ்டிக்கர் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தார். பசை இளகியதும் பிளேடின் முனையைப் பக்கவாட்டில் செருகி, நூல் நூலாக நகர்த்தினார். மூச்சை அடக்கிக்கொண்டு, நெற்றி வியர்க்க, இருபத்தைந்து நிமிடம் அதைச் செய்தார். ஓரம்கூடக் கிழியாமல் ஸ்டிக்கர் கையோடு வந்தது. அந்த அறையில் ஒன்பது ஆண்டுகளில் அவர் கைகள் செய்த ஒரே நுட்பமான வேலை அது என்பதில் ஏழுக்கு ஐயம் இருக்கவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்கொட்டாமல் பார்த்தாள்.

திருகுகள் இரண்டுதான். தகடு நகர்ந்ததும் உள்ளே விசிறி தெரியவில்லை. விசிறி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு தலையணை இருந்தது. ஏழு அட்டை தட்டும் பிரஷ்ஷால் அதன் ஒரு மூலையைத் தூக்கினாள். முழுதாக, ஒரே துண்டாக எழுந்து வந்தது. கீழே அலுமினிய வரிகளின் இடைவெளியெல்லாம் தூர்ந்து கிடந்தது.

"ஒம்பது வருஷமா இதுக்கு யாரு பொறுப்பு?" என்றார் கண்காணிப்பாளர்.

"நான்தான் மேடம். ஆனா உள்ள நடக்குறது கம்பெனி பொறுப்பு."

கண்காணிப்பாளர் அட்டைக் கணக்குத் தாளில் 'நன்று' என்ற சொல்லைத் தம் பேனாவால் அடித்தார். ஏழுக்கு மட்டும் அடுத்த ஐந்து வேலை நாள்களின் சராசரியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மற்றப் பதினொன்றையும் திறந்து துடைக்கச் சொல்லிவிட்டுக் கீழே போனார். சீல் சார் கணினிப் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'ஏனைய கணினிகள்: தேவை எழும்போது பார்க்கப்படும்.' பிறகு, அதே பதிவேட்டின் இடுக்கில் பத்திரப்படுத்தியிருந்த ஸ்டிக்கரை எடுத்து, பசை தடவி, ஏழாம் எண் பெட்டியில் பழைய இடத்திலேயே ஒட்டினார்.

ஐந்து நாள் சராசரி நூற்று அறுபத்து நான்கு. மார்ச் முப்பத்தொன்றில் ஒட்டப்பட்ட பட்டியலில் ஏழு இருந்தாள். சராசரி நூற்று நாற்பத்திரண்டோடு தப்பித்த எட்டும் இருந்தாள். ஏழின் திரைக்கு மகள் திரும்பி வந்தாள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.50. எட்டாம் எண் கணினி திணறத் தொடங்கியது. சீல் சார் வந்தார், மண்டியிட்டார், டார்ச் அடித்தார். இருபது தடவைக்கு மேல் ரிஃப்ரெஷ் கொடுத்தார். எட்டின் திரையில் இருந்த பூந்தோட்டத்தை, வெயிட்டு அதிகம் என்று நீக்கினார். இணைப்பைப் பிடுங்கிவிட்டு, "ரெஸ்ட்டு எடுக்கட்டும்," என்று படியிறங்கினார்.

அவருடைய செருப்புச் சத்தம் முதல் மாடியைத் தாண்டியதும் ஏழு பையிலிருந்து ஃபிளாஸ்க்கையும் டம்ளரையும் எடுத்தாள். திருப்புளியும் பிளேடும் முன்பே மேசை மேல் இருந்தன.

எட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, பாதியில வந்துட்டாருன்னா?" என்றாள்.

"வர மாட்டாரு. இருபத்தோரு நிமிஷம். எழுதி வச்சிருக்கேன்."

தேநீரை ஊற்றி, டம்ளரின் அடியை ஸ்டிக்கர் மேல் ஒற்றினாள்.

11.16க்கு சீல் சார் வாயைத் துடைத்தபடி மேலே வந்தபோது, ஏழு தன் இடத்தில் அமர்ந்து அட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். எட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் இணைப்பைக் கொடுத்துப் பொத்தானைத் தட்டினார். எட்டாம் எண் கணினி வாங்கிய அன்றைக்கு ஓடியதுபோல் ஓடியது. "பாத்தீங்களா?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி மண்டியிட்டு, டார்ச் அடித்து, வெள்ளி ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தடவினார். ஈரம் காயாத பசை விரலில் ஒட்டியது. அதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சீல் பத்திரமா இருக்கு," என்றார்.

ஏழு நோட்டைத் திறந்து எழுதினாள்: எட்டு. திறந்து துடைத்து மூடப் பதினேழு நிமிடம். மீதி: பத்து.